மூணாம் ரூமில் நாலு பேர்

பட்டாசுக் கம்பெனியில் போர்மேனுக்குத் தெரிய வேண்டிய வேலை எது என்று முத்துப்பாண்டியைக் கேட்டால், மருந்தைப் பற்றியோ திரியைப் பற்றியோ பேசமாட்டான். "ஆள அடக்கத் தெரியணும்லே" என்பான். எம். புதுப்பட்டிக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கும் அந்தக் கம்பெனியில் ரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஒவ்வொரு ரூமின் வெளிச்சுவரிலும் 'ஆட்கள் 4' என்று பெயின்டில் எழுதியிருக்கும். அது சர்க்கார் கணக்கு. தீபாவளி சீசன் சூடுபிடித்துவிட்டால் உள்ளே ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அது கம்பெனி கணக்கு. இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

செக்கிங் வருகிறது என்று கேட்டிலிருந்து போன் வந்தால் போதும். ரூமுக்கு இரண்டு பெண்கள் எழுந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப்பக்கம் உள்ள கருவேல மரத்தடிக்குப் போய்விடுவார்கள். யார் எழுந்திருக்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்றெல்லாம் காலையிலேயே சொல்லி வைத்திருப்பான். ஜீப் திரும்பியதும் அவர்களும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இதைத் தப்பு என்று முத்துப்பாண்டி நினைத்ததில்லை. அப்படி நினைக்க ஆரம்பித்தால் மறுநாள் காலையில் பைக்கை ஸ்டார்ட் பண்ண முடியுமா?

ஒரே ஒரு ரூமில் மட்டும் அவன் சர்க்கார் கட்சி. அது மூணாம் ரூம். அங்கே சீசனானாலும் சரி, லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி, நாலு பேர்தான். அந்த நாலில் ஒருத்தி அவன் மனைவி நாகஜோதி. இதைப் பற்றி யாரும் அவன் முகத்துக்கு நேரே பேசமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் பேசாத ஆளும் கிடையாது.

பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றில் போன வருஷம் ஒரு ரூம் வெடித்தது. அந்தச் சுவரிலும் நாலு என்றுதான் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதைவிட அதிகமான குடும்பங்கள் அழுதுகொண்டு நின்றன. அன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போய், வழக்கம்போல ரூமுக்கு ஆறு பேரைப் பிரித்து உட்கார வைத்தான். மூணாம் ரூமுக்கு நாலு.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கெடுத்தது ஒரு வீட்டுப்பாடம்.

அவன் மகள் சுபிக்ஷா நாலாம் வகுப்பு. சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கை கால் கழுவி வந்தவனிடம் தாளை நீட்டினாள்.

"எப்பா, இது வராதுப்பா."

தாளில் நாலு முக்கோணங்கள். மூலைக்கு ஒரு வட்டம், பக்கத்தின் நடுவில் ஒரு வட்டம், ஆக ஒரு முக்கோணத்துக்கு ஆறு வட்டம். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் உள்ள எண்களை வட்டத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும். வைத்ததையே மறுபடி வைக்கக்கூடாது. எந்தப் பக்கத்தின் மூன்று எண்ணைக் கூட்டினாலும் ஒரே விடை வரவேண்டும். முதல் முக்கோணத்தில் பத்து வரவேண்டும், அடுத்ததில் ஒன்பது, அதற்கடுத்ததில் பன்னிரண்டு. மூன்றையும் சுபிக்ஷா போட்டு முடித்திருந்தாள். நாலாவதில் எட்டு வரவேண்டும். அந்த முக்கோணத்துக்குக் கீழே 'முடியாது' என்று எழுதி வைத்திருந்தாள்.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் முத்துப்பாண்டிக்கு எரிச்சல் வந்தது. அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அது. முதலாளி கூப்பிட்டு எது சொன்னாலும் "பாத்துக்கிடுவோம்" என்று சொல்லித்தான் இத்தனை வருஷமாகக் காலம் தள்ளியிருக்கிறான்.

"அதென்ன எடுத்த எடுப்புல முடியாது? சோம்பேறிக பேசுற பேச்சுல்ல அது."

"இல்லப்பா. ஆறை எந்த வட்டத்துல வச்சாலும் அதுகூட ரெண்டு பேரு இருப்பாகள்ல? இருக்கதுலயே சின்ன ஆளு ஒண்ணும் ரெண்டும்தான். ஆறும் ஒண்ணும் ரெண்டும் சேந்தாலே ஒம்பது ஆயிருது. எட்டு எப்படிப்பா வரும்?"

பிள்ளை சொன்னது அவன் காதில் விழுந்தது. மண்டைக்குள் இறங்கவில்லை. "டீச்சர் விடை இல்லாமயா குடுத்திருப்பாக? கொண்டா இங்க" என்று வாங்கி, பழைய லேபிள் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். ஆறை மூலையில் வைத்தான். நடுவில் வைத்தான். ஒரு பக்கம் எட்டு வந்தால் அடுத்த பக்கம் பதினொன்று வந்து பல்லைக் காட்டியது. நாகஜோதி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். சோறு ஆறிப்போனது. ஒரு போர்மேனை இப்படிச் சின்னப்பிள்ளைகள் படம் ஒன்று உட்கார வைத்து வேடிக்கை பார்த்தால் அவனுக்குக் கோபம் வருமா வராதா?

கடைசியில் அவனுக்கு வழி கிடைத்தது. தினமும் செய்கிற வேலைதானே.

"ஆறை வெளிய எடுத்துரு. இந்தா பாரு, மூலைக்கு அஞ்சு, மூணு, ஒண்ணு. அஞ்சுக்கும் மூணுக்கும் நடுவுல காலியா விட்டுரு. எட்டு வந்துச்சா? மூணு, நாலு, ஒண்ணு, எட்டு. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, எட்டு. எப்பிடி?"

சுபிக்ஷா தாளையே பார்த்தாள். "அப்ப ஆறு எங்கன இருக்கும்?"

முத்துப்பாண்டிக்கு வெற்றிக் களிப்பு. பென்சிலை வாங்கி முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம் வரைந்தான். மரத்துக்குக் கீழே 6 என்று எழுதினான்.

"அது மரத்தடியில உக்காந்திருக்கும். ஜீப் போனதும் வந்துரும்" என்று சொல்லிச் சிரித்தான். அவள் எழுதியிருந்த 'முடியாது' என்பதை அவனே ரப்பர் போட்டு அழித்தான். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாகஜோதி சிரிக்கவில்லை.

மறுநாள் மகள் தாளைக் கொடுத்தாள். அதற்கும் மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிட்டுக் கிளம்பியவனை டீச்சர் பானுப்பிரியா நிறுத்தினார். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்.

"சுபிக்ஷா அப்பா, ஒரு நிமிஷம். இந்த மரம் யார் வரைஞ்சது?"

"சும்மா வெளாட்டுக்கு டீச்சர்."

"இந்தக் கணக்குக்கு விடை கிடையாதுங்க. வேணும்னுதான் குடுத்தேன். முடியாததை முடியாதுன்னு சொல்லுதுகளான்னு பார்க்க. வகுப்புல எல்லாப் பிள்ளையும் எதையாவது நிரப்பிக் கொண்டாந்திருச்சு. ஒரே ஒரு தாள்ல 'முடியாது'ன்னு எழுதின தடம் இருக்கு. அதையும் அழிச்சிருக்கு."

முத்துப்பாண்டி பைக் கண்ணாடியைத் துடைத்தான். அதில் தூசி இல்லை.

"நேத்து அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டா," என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "மரத்தடியில இருக்கிற ஆறு கூட்டுல சேருமா, சேராதா டீச்சர்னு. நான் பஸ்ல வரும்போது உங்க கம்பெனி வேலியோரம் கருவேல மரத்தடியில பொம்பளைங்க உக்காந்திருக்கிறதைப் பார்த்திருக்கேன். பிள்ளைக்கு என்ன பதில் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

அவன் "லேட்டாயிருச்சு டீச்சர்" என்று கிளம்பிவிட்டான். வழி நெடுக அந்த அழித்த தடம்தான் கண் முன்னால் நின்றது. பிள்ளை சரியாகத்தான் போட்டிருந்தாள். காரணமும் சொன்னாள். தகப்பன் போய்க் கெடுத்தான். வெட்கமாக இருந்தது அவனுக்கு. கருவேல மரத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் போனான்.

அன்றைக்கென்று பார்த்து சின்ன முதலாளி ஹரிஷ்குமார் சீக்கிரமே வந்திருந்தார். அப்பாவுக்கு முடியாமல் போனதிலிருந்து கம்பெனி அவர் கையில். கோயம்புத்தூரில் படித்தவர். யாரையும் அதட்டமாட்டார். அண்ணே போடாமல் பேசமாட்டார். கேட்டதை வாங்காமலும் விடமாட்டார்.

"முத்துப்பாண்டிண்ணே, வடக்க ஒரு ஆர்டர் ஏறிப் போச்சு. நாளன்னைக்குச் சாயங்காலம் லாரி நிக்கும். புதுசா ஆளு சேத்திருக்கேன். எல்லா ரூமும் ஃபுல்லுன்னாக. மூணாம் ரூம்ல மட்டும் நாலு பேரு இருக்காகளாமே? அங்கன ரெண்டு பேரைப் போட்டுக்கிடுங்க."

வழக்கமான முத்துப்பாண்டியாக இருந்தால் தலையைச் சொறிந்து வேறு ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பான். ஏழாம் ரூமில் ஒருத்தியை நெருக்கியிருப்பான். எட்டாம் ரூம் வாசலில் ஒருத்தியை உட்கார வைத்திருப்பான். மூணாம் ரூமை எப்படியும் காப்பாற்றியிருப்பான். அன்று அவனுக்கு அந்த வழிகள் எதுவும் தோன்றவில்லை. மகள் சொன்ன கணக்கு மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. எந்த ரூமில் வைத்தாலும் கூடுதல் ஆள் கூடுதல் ஆள்தான். பக்கத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள், கணக்கு மிஞ்சத்தான் செய்யும்.

"முடியாது முதலாளி" என்றான்.

சொன்ன பிறகு அவனே திகைத்துப் போனான். ஹரிஷ்குமார் போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

"என்னண்ணே சொன்னீக?"

"மூணாம் ரூம்ல முடியாது. மத்த ரூம்லயும் முடியாது. ரூமுக்கு நாலு பேருதான். போன வருஷம் அங்கன நடந்ததை நீங்களும் பார்த்தீகள்ல?" வார்த்தை தடுமாறி வந்தது. பயம்தான், வேறென்ன.

ஹரிஷ்குமார் சத்தம் போடவில்லை. தோளில் கை வைத்தார். "உங்களுக்கு உடம்பு அலுப்பாருக்கும்ணே. சீசன் டென்ஷன். ஒண்ணு செய்ங்க, நாளைல இருந்து நீங்க குடோன்ல லோடு பாருங்க. ரூம் வேலையை முனியராஜ் பாத்துக்கிடட்டும். சரிங்களாண்ணே?"

முனியராஜ் அவனுக்குக் கீழே வேலை பழகினவன். ஆளை அடக்குவதில் குருவையே மிஞ்சியவன். மூணாம் ரூமில் அவனுக்கு யாரும் இல்லை.

விஷயம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லா ரூமுக்கும் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனபோது ஏழாம் ரூம் மாரிசெல்வி கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளி மருந்து அப்பியிருந்தது.

"என்ன போர்மேன் அண்ணே, முடியாதுன்னு சொல்லிட்டீகளாமே?"

அவன் கொஞ்சம் பாராட்டை எதிர்பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மனுஷன்தானே.

"ஏழாம் ரூம்ல நாங்க ஆறு பேரு உக்காந்திருந்தமே, அம்புட்டு நாளும் இந்த வாயி எங்கன போச்சு? உங்க வீட்டுக்காரி ரூம்னதும் வந்துருச்சாக்கும்?"

"எல்லா ரூமுக்கும் சேத்துத்தான் சொன்னேன் மாரி."

"சொன்னீக, சொன்னீக" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடினான். மகள் கணக்கு மனதில் ஓடியது உண்மை. முதலாளி ஏழாம் ரூம் என்று சொல்லியிருந்தால் அதே கணக்கு ஓடியிருக்குமா? அது அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் இதையேதான் நாகஜோதியும் கேட்டாள், வேறு மாதிரி.

"இங்கருங்க, உள்ளதைச் சொல்லுங்க. எனக்காகச் சொன்னீகளா, எல்லாருக்காகவும் சொன்னீகளா?"

"எதுக்காகச் சொன்னா என்ன? நீ நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம். முனியராஜ் ஆறு பேரை அமுக்கிருவான்."

"நான் போகலைன்னா அந்த எடம் காலியாவா கெடக்கும்? வேற ஒருத்தி வந்து உக்காருவா. அவளுக்கும் வீட்டுல பிள்ளை இருக்கும்."

"ஊரு கதையெல்லாம் நமக்கெதுக்கு?"

நாகஜோதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து அவன் கண்டதில்லை.

"இத்தனை வருசமா நமக்கெதுக்குன்னுதானே இருந்தேன். மூணாம் ரூம்ல நான் நிம்மதியா உக்காந்திருந்தேன்னா நெனைக்கீக? கஞ்சி குடிக்கைல ஒருத்தி எம் பக்கத்துல உக்கார மாட்டா. நான் போனா பேச்சு நின்னுரும். போர்மேன் பொண்டாட்டி உசுரு மட்டும் வெல்லக்கட்டின்னு எங்காதுபடவே சொல்லுவாளுக. எனக்கு ரோசம் இல்லையா? வேண்டாம், என்னையும் ஆறுல ஒருத்தியா வைங்கன்னு உங்ககிட்ட எத்தனை மட்டம் வாய் வரைக்கும் வந்திருக்கு தெரியுமா? பயத்துல முழுங்கிட்டேன். பிள்ளையை நெனச்சு முழுங்கிட்டேன்."

அவளைக் காப்பாற்றுகிறோம் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது எல்லாம் அவளுக்கு இப்படியா இருந்திருக்கிறது! வாசலில் சுபிக்ஷா படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்ததும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

காலையில் நாகஜோதி கிளம்பினாள். அவன் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம், பைக் சாவியை ஒளித்து வைத்திருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். சீசனில் ஒருத்தர் கூலி நின்றால் வீடு என்னவாகும் என்று அவனுக்கும் தெரியும். பைக்கில் இரண்டு பேரும் போனார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் அவள் இடது பக்கம் ரூம்களுக்குப் போனாள், அவன் வலது பக்கம் குடோனுக்குப் போனான்.

குடோனிலிருந்து பார்த்தால் மூணாம் ரூமின் முதுகுதான் தெரியும். பெட்டியைத் தூக்கும்போது பார்த்தான், இறக்கும்போது பார்த்தான். சுவரில் எழுதியிருக்கும் நாலு அந்தப் பக்கம் இருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று இங்கிருந்து தெரியாது. லோடுகாரன் ஒருவன் பெட்டியைக் கொஞ்சம் வேகமாக இறக்கினான். முத்துப்பாண்டி அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டான். ஒரு ஆள் வேலை பார்த்துக்கொண்டே இப்படிச் சாக முடியும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் ஏழாம் ரூம்காரிகளின் புருஷன்மார்கள் எங்கெங்கோ வேலை பார்த்துக்கொண்டு இப்படித்தானே இருந்திருப்பார்கள்?

சாயங்காலம் கேட்டில் நாகஜோதி நின்றாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டை மாட்டி மறைத்துக்கொண்டான்.

அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். வெகு நாளாகப் பார்க்காத சிரிப்பு. வீட்டுக்கு வந்து குளித்து, சமைத்து, மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

சுபிக்ஷா முதல் வாய் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள். "எம்மா, இன்னைக்கு உங்க ரூம்ல எத்தனை பேரும்மா?"

நாகஜோதி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நாலு பேருதான். எப்பவும் நாலுதானே."

முத்துப்பாண்டி தட்டைப் பார்த்தான். பிள்ளையிடம் வேறென்ன சொல்லுவாள் பாவம்.

நாகஜோதிக்குப் பேச்சு நிற்கவில்லை. "இன்னைக்கு மாரிசெல்வியை ஏழாம் ரூம்ல இருந்து எங்க ரூமுக்கு மாத்திட்டாக. எங்கூட உக்காந்துல்ல கஞ்சி குடிச்சா! கருவாட்டைப் பிச்சு என் தூக்குவாளியில போட்டா. கருப்பம்மா மதினி வாயைத் தொறந்தா மூட மாட்டா, ஒரே கேலி. ராமுத்தாய்க்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறை ஏறிருச்சு. அந்தப் புதுப்பிள்ளை இருக்கில்ல, ஆனைக்குட்டத்துக்காரி, அது பாட்டுப் படிக்குது பாருங்க, அம்புட்டு நல்லாருக்கு. பேச்சிக்கா கூட எம் முடியைத் தொட்டு, என்ன நாகு, முடி இம்புட்டு கொட்டிப் போச்சேன்னு கேட்டாக. எத்தனை வருசமாச்சு அவுக எங்கிட்டப் பேசி."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷத் தண்ணீர். அவள் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுபிக்ஷா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். இடது கையை மடியில் வைத்து, அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக மடக்கியிருந்தாள். ஐந்து விரலும் மடங்கிவிட்டது. சோற்றுக் கையின் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்த விரலையும் மடக்கினாள்.

அம்மாவை விட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"எப்பா, நாலுதானாப்பா?"

அந்தக் கேள்வி கெஞ்சியது. நாகஜோதி அப்போதுதான் பேச்சை நிறுத்தினாள். கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. பிள்ளையின் மடங்கிய விரல்களை இரண்டு பேரும் பார்த்தார்கள். முத்துப்பாண்டிக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. சொன்னால் நாளைக் காலையில் அம்மா கிளம்பும்போது இந்தப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போகும், எப்படிக் கணக்குப் போடும்?

"ஆமா பாப்பா. நாலுதான்."

சுபிக்ஷா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.